பத்து வயதில் படித்தது, எழுபதில் புரிவது

முதுமையில் புதிய நூல்களைத் தேடிச் செல்வோர் சிலரே. நம்மில் பெரும்பாலோர் அலமாரியின் அடித்தட்டுக்கே திரும்புகிறோம். பழுப்பேறிய தாள்களும், காக்கி அட்டையும், முதற்பக்கத்தில் பிள்ளைக் கையெழுத்தில் எழுதிய பெயருமாக அங்கே சில புத்தகங்கள் கிடக்கும். ஔவையாரின் ஆத்திசூடி, அறுபத்துமூவர் வரலாறு, ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’, ஆண்டுவாரியாகச் சேர்த்துத் தைத்த ‘அம்புலிமாமா’ இதழ்கள் என்று அவற்றுள் ஒன்றிரண்டேனும் நம் வீடுகளில் இருக்கும்.

“இதையேதான் எத்தனை முறை படிப்பீர்கள்?” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நாள்தோறும் அதே சந்நிதியில்தான் நிற்கிறோம், அதே சகஸ்ரநாமத்தைத்தான் சொல்கிறோம், அலுப்பதில்லை. பழகிய கதையும் அத்தகையதே. அதன் முடிவு நமக்குத் தெரியும். ஆகையால் மனம் பதறுவதில்லை. நாளை என்ன வருமோ என்ற கவலை மிகுந்த வயதில், முடிவு தெரிந்த ஒன்றைக் கையில் எடுப்பதே பெரிய ஆறுதல்.

ஆறுதலுக்கு மேலும் ஒரு பயன் இதில் உண்டு. புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. படிப்பவர் நிற்கும் இடம் மாறியிருக்கும். அதனால் சிறுவயதில் கண்ணில் படாத பக்கங்கள் முதுமையில் நம்மோடு பேசத் தொடங்குகின்றன.

வெறுந்தேர் திரும்பிய வீடு

இராமகதையைப் பத்து வயதில் படித்தபோது நாமெல்லாம் இராமனோடு காட்டுக்குப் போனோம். கங்கையைக் கடந்தோம், மாரீச மானைத் துரத்தினோம், அநுமனோடு கடலைத் தாவினோம். அயோத்தியில் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்க நமக்கு நேரமில்லை.

எழுபதில் படிக்கும்போது நாம் அயோத்தியிலேயே தங்கிவிடுகிறோம். சுமந்திரன் வெறுந்தேரை ஓட்டிக்கொண்டு திரும்பி வருகிறான். இராமன் என்ன சொன்னான், எங்கே உறங்கினான், எதை உண்டான் என்று தசரதன் அவனைக் கேட்கிறான். பிள்ளையை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு, நள்ளிரவில் வீட்டுப் பூட்டைத் திறந்தவர்களுக்கு அந்த வெறுந்தேரின் பொருளை எவரும் உரைக்க வேண்டியதில்லை. தசரதனருகில் உட்கார்ந்திருக்கும் கோசலையின் துயரமும் அப்போதுதான் தெரிகிறது. கணவனிடம் சினந்து பேசியவள், உடனே அவன் நிலை கண்டு தன் துயரை அடக்கிக்கொள்கிறாள். இப்பகுதியைச் சிறுவயதில் நாம் புரட்டித் தள்ளியிருப்போம்.

ராஜாஜி 1954-ஆம் ஆண்டில் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது அவருக்கு வயது 75. அதன்பின் அவர் ‘கல்கி’ இதழில் எழுதிய இராமாயணமே ‘சக்கரவர்த்தித் திருமகன்’. 1958-இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவர் அவர். ஆயினும் பாரதத்தையும் இராமாயணத்தையும் எளிய தமிழில் எழுதித் தந்ததையே தாம் மக்களுக்குச் செய்த சிறந்த தொண்டாக அவர் கருதினார். சிறுவர் கையில் கொடுத்த அந்நூல்களை எழுதியது ஒரு முதியவரின் கை என்பதை நாம் முதியவரான பிறகே உணர்கிறோம்.

நகுலனைக் கேட்ட தருமன்

வியாசர் விருந்தில் நச்சுப் பொய்கைக் கதை சிறுவர்களுக்கு ஒரு விடுகதைப் போட்டி. தண்ணீர் அருந்தச் சென்ற தம்பியர் நால்வரும் கரையில் வீழ்ந்து கிடக்கிறார்கள். யட்சன் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். தருமன் விடை சொல்லி வெல்கிறான். தம்பியருள் ஒருவனை மட்டும் பிழைப்பிக்கலாம் என்று யட்சன் சொன்னபோது, தருமன் பீமனையும் கேட்கவில்லை, அருச்சுனனையும் கேட்கவில்லை, நகுலனைக் கேட்டான். குந்திக்கு ஒரு மகனாகத் தான் இருக்க, மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. சிறுவயதில் அந்த விடை நமக்குச் சிறிது ஏமாற்றமாகவே இருந்திருக்கும். வில்லாளியை விட்டுவிட்டானே என்று நினைத்திருப்போம்.

வங்கியில் பணியாற்றிய காலத்தில் ஒரு பெரியவர் தம் வைப்புத் தொகைகளுக்கு வாரிசு நியமனம் எழுத வந்தார். மறைந்த முதல் மனைவிக்கு ஒரு மகள். இரண்டாம் மனைவிக்கு இரண்டு மகன்கள். கைவசம் இருந்த மூன்று வைப்புகளும் வெவ்வேறு தொகை கொண்டவை. அவற்றை முடித்து, சமத்தொகையாக மூன்று புதிய வைப்புகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒருவரை நியமிக்கச் சொன்னார். மகளுக்குத் திருமணத்தின்போது செய்தாயிற்றே என்று உடன் வந்த உறவினர் மெல்லச் சொன்னார். பெரியவர் தலையசைத்து மறுத்தார். “சின்ன வயசிலே நச்சுப் பொய்கைக் கதை படிச்சிருக்கேன் சார். அவ அம்மா பக்கத்திலேருந்து கேக்கறதுக்கு அவ ஒருத்திதானே இருக்கா?” என்றார்.

சொத்தைப் பிரித்து எழுதும் வயதில்தான் நகுலனின் கதை நமக்குத் தேவைப்படுகிறது. உயில் எழுத உட்காருவதற்கு முன்பு அப்பகுதியை ஒருமுறை படிப்பது நன்று.

மனத்தில் எழுந்த கோயில்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தைச் சிறுவர்க்கான கதைகளாகப் படித்தே நாயன்மார்களை நாம் அறிந்தோம். கண்ணப்பர் அன்று நம்மை ஆட்கொண்டார். வேட்டை, வில், குருதி என்று அக்கதையில் ஒரு வேகம் இருந்தது. பூசலாருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர் ஓரிடத்தில் உட்கார்ந்தே இருந்தார்.

திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்கு ஆலயம் எழுப்ப விரும்பினார்; பொருள் தேடி அலைந்தார்; கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்தார், தச்சரை அமர்த்தினார், நாள் பார்த்து அடித்தளம் இட்டார். விமானமும் மதிலும் கிணறும் குளமும் ஒவ்வொன்றாக எழுந்தன. அவர் குடமுழுக்கு குறித்த அதே நாளில், காஞ்சியில் பல்லவ மன்னன் தான் கட்டிய கற்றளிக்கும் நாள் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, அன்பன் பூசலாரின் ஆலயத்துக்கு அன்று செல்வதால் வேறு நாள் பார்க்குமாறு பணித்தார். மன்னன் திருநின்றவூர் சென்று, அந்தக் கோயில் எங்கே என்று கேட்டான். ஊரார் எவருக்கும் தெரியவில்லை. சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் இரயில் பாதையில் உள்ள அவ்வூரில் இருதயாலீசுவரர் என்ற திருப்பெயருடன் இறைவன் இன்றும் எழுந்தருளியிருக்கிறார்.

சிறுவயதில் இது ஒரு மாயக்கதை. இன்று, முழங்கால் தேய்ந்து, மலைக்கோயில் படிகளைக் கீழிருந்தே வணங்கித் திரும்புபவர்களுக்கு இது தம் வரலாறு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நிற்க இயலாதவர், சக்கர நாற்காலியில் சன்னலோரம் அமர்ந்திருப்பவர், பிள்ளையின் வீட்டில் கோயிலே இல்லாத வெளிநாட்டு ஊரில் நாட்களை எண்ணுபவர் ஆகிய எவரும் பூசலாரின் வழியைப் பின்பற்றலாம். தெரிந்த கோயில் ஒன்றை மனத்தில் நிறுத்தி, கோபுர வாசலில் செருப்பை விட்டு, கொடிமரத்தை வணங்கி, பிராகாரம் சுற்றி, ஒவ்வொரு சந்நிதியாக நின்று வரலாம். நான் அறிந்த மூதாட்டி ஒருவர் நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு இவ்வாறே தம் ஊர்க் கோயிலுக்குச் சென்று வந்தார். அப்போது அவரை யாரும் அழைக்கமாட்டார்கள்.

மறதியிலும் மறவாதவை

ஔவையாரின் நூல்களை நாம் வாசித்தோம் என்பதைவிட மனப்பாடம் செய்தோம் என்பதே சரி. ஆத்திசூடி உயிரெழுத்து வரிசையில் தொடங்கி ஓரடிகளாகச் செல்லும் நூல். கொன்றை வேந்தனும் எழுத்து வரிசையில் அமைந்ததே. மூதுரை 30 வெண்பா, நல்வழி 40 வெண்பா. எழுத்து வரிசையே நினைவுக்கு ஏணியாக இருப்பதால், ஓரடியைச் சொன்னால் அடுத்தது தானே வருகிறது.

என் அத்தைக்குக் கடைசி ஐந்தாறு ஆண்டுகள் மறதி நோய். பெற்ற மகனைத் தம்பி என்று அழைப்பார். சாப்பிட்டாயிற்றா என்பது நினைவிராது. மாலையானால் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசலுக்கு வந்து அழுவார். அந்த வீடு இடிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருநாள் பேத்தி அருகில் உட்கார்ந்து பள்ளிப் பாடத்துக்காக ஆத்திசூடி படித்தாள். முதலடி முடிவதற்குள் அத்தை அழுகையை நிறுத்திவிட்டு இரண்டாவது அடியைச் சொன்னார். ‘ஔ’ வரை நில்லாமல் சென்றார். அன்று முதல் மாலைதோறும் அவ்வீட்டில் ஆத்திசூடிப் பாராயணம் நடந்தது. அத்தை குணமடையவில்லை, ஆனால் அந்த அரைமணி நேரம் அவர் வாசலுக்கு வரவில்லை.

இளமையில் பலமுறை சொல்லிப் பதிந்தவை, அண்மை நினைவுகள் அகன்ற பிறகும் நெடுநாள் நிற்பதைப் பல குடும்பங்களில் காண்கிறோம். வீட்டில் இத்தகைய முதியவர் இருந்தால், அவர் சிறுவயதில் கற்ற நூலையோ துதியையோ கேட்டறிந்து அருகிருந்து படியுங்கள். அவர் தவறாகச் சொன்னாலும் திருத்தவேண்டாம்.

எப்படித் தொடங்கலாம்?

பழைய புத்தகம் தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். ஔவையார் நூல்களை 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் பல உள்ளன. கைபேசியிலோ கையடக்கக் கணினியிலோ எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் கண்புரை உள்ளவர்க்கும் எளிது.

மாலை விளக்கேற்றிய பின் அரைமணி நேரம் போதும். ஒரு நாளைக்கு ஒரு கதை, அதற்குமேல் வேண்டாம். வாய்விட்டுப் படியுங்கள். பேச ஆளில்லாத வீட்டில் நம் குரலை நாமே கேட்பதும் ஒரு துணை. தொலைவில் இருக்கும் பேரக் குழந்தைக்குத் தமிழ் எழுத்து தெரியாமற்போகலாம். தமிழ் காதில் விழுந்தால் புரியும். வாரம் ஒருமுறை தொலைபேசியில் ஒரு கதை படித்துக் காட்டுங்கள். ‘அம்புலிமாமா’வின் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள் இதற்கு மிகப் பொருத்தம். ஒவ்வொன்றும் ஒரு கேள்வியோடு நிற்பதால், விடையை அடுத்த வாரம் சொல்கிறேன் என்று நிறுத்தலாம். குழந்தை தானே அழைக்கும்.

படித்து முடித்தபின் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதியைக் குறித்துவையுங்கள். நமக்குப் பின் அதைத் திறப்பவர்கள், தாத்தாவோ பாட்டியோ எந்தக் கதைக்கு எத்தனை முறை திரும்பி வந்தார் என்பதை அறிந்துகொள்வார்கள்.