டோரேமானுக்குக் காது இல்லை

சித்திரை மாதத்துப் பிற்பகல். எருத்தேன்பதியில் என் தமக்கையின் வீட்டுச் சமையலறையில், அவள் மகளின் ஐந்தாம் பிறந்தநாளுக்காக நான் ஒரு கேக்கை அலங்கரித்துக்கொண்டிருந்தேன். கேக்கின்மீது நீல நிறத்தில் டோரேமானின் முகம். வேலை முடியும் தறுவாயில் சிறுமி உள்ளே வந்தாள். சற்று நேரம் உற்று நோக்கினாள்.

“சித்தி, இது பூனை. டோரேமானுக்குக் காதே கிடையாது. எலி கடிச்சிருச்சு.”

கரண்டியால் இரு காதுகளையும் வழித்தெடுத்தேன். அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் அடுத்த குறையைத் தீர்க்க என்னால் இயலவில்லை. அவளுடைய தோழியர் வந்துசேர்வதற்குள் விப்பிங் கிரீம் வெப்பத்தில் இளகி, கண்கள் கன்னத்துக்கும் மூக்கு வாய்க்கும் இறங்கியிருந்தன. அவள் அழவில்லை, மெழுகுவத்தியை அணைத்தபோது கேக்கைப் பார்க்கவுமில்லை. அடுத்த ஆண்டும் அதே டோரேமானைத்தான் கேட்டாள். அம்முறை முகம் நிலைத்து நின்றது. இரண்டு கேக்குகளுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கிடைத்ததைக் கொண்டு செய்த முன்னோடி

கேக் அலங்காரம் என்றதும் விலையுயர்ந்த கருவிகளும் பெருநகர்ப் பயிற்சியும் வேண்டும் என்று பலர் தயங்குகின்றனர். கேரளத்தின் கேக் வரலாறு அவ்வாறு தொடங்கவில்லை. தலசேரியில் 1880இல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியை நிறுவிய மாம்பள்ளி பாபுவிடம், 1883இல் மர்டாக் பிரவுன் என்னும் தோட்ட உரிமையாளர் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த கேக் ஒன்றைக் காட்டி, அதுபோல் கிறிஸ்துமஸுக்குச் செய்துதரக் கேட்டார். பாபு அச்சை உள்ளூர்க் கொல்லரிடம் செய்வித்தார். அயல்நாட்டு மதுவுக்கு மாற்றாக முந்திரிப் பழமும் கதலி வாழைப்பழமும் சேர்த்து ஊறிய உள்ளூர்ச் சாற்றைப் பயன்படுத்தினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அது இன்றும் போற்றப்படுகிறது.

குழந்தைகளுக்கான கேக்கிலும் இதே பாடம் உண்டு. ஆஸ்திரேலியாவில் ‘விமன்ஸ் வீக்லி’ இதழ் 1980இல் குழந்தைகளின் பிறந்தநாள் கேக்குகளுக்கென ஒரு நூலை வெளியிட்டது. அதில் வாத்தின் அலகு உருளைக்கிழங்கு வறுவல். நீச்சல் குளத்தின் நீர் ஜெல்லி. கடையில் கிடைத்த தின்பண்டங்களைக் கொண்டே எளிய குடும்பங்கள் உருவங்களை அமைத்தன. இன்றும் அந்நாட்டில் பலர் தம் சிறுவயதுக் கேக்கை அந்த நூலின் பக்கத்தைச் சொல்லி நினைவுகூர்கின்றனர்.

தென்னந்தோப்புகள் சூழ்ந்த எருத்தேன்பதியில் இதற்குப் பஞ்சமில்லை. தேங்காய்த் துருவலை ஈரம் போகும்வரை வெறும் வாணலியில் லேசாக வறட்டி, ஒரு துளி பச்சை நிறம் சேர்த்துப் பிசறினால் புல்வெளி. நேந்திரங்காய் வறுவலை விளிம்பைச் சுற்றி நட்டால் வேலி. சோட்டா பீம் கேக்கின்மீது வைக்கும் லட்டுகளைச் செய்யும் வேலையே இல்லை. உண்மையான பூந்தி லட்டையே வைத்துவிடலாம்.

முதலில் உருவத்தைப் படியுங்கள்

குழந்தை ஓர் உருவத்தை மூன்று வழிகளில் அடையாளம் காண்கிறது: புறவடிவம், நிறம், அவ்வுருவத்துக்கே உரிய ஓரிரு குறிகள். கோடு சற்று வளைந்தால் குழந்தை மன்னித்துவிடும். குறி தவறினால் மன்னிப்பதில்லை. எனவே வேலையைத் தொடங்குமுன் குழந்தையையே அருகில் அமர்த்தி, “இதற்கு என்னென்ன இருக்கும்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்திருந்தால் காது முளைத்திராது.

முதல் முயற்சிக்கு டோரேமான் மிகவும் ஏற்றது. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரில் எழுதிய ஜப்பானிய ஓவியர் 1969இல் படைத்த இந்த இயந்திரப் பூனை ஏறத்தாழ முழுவதும் வட்டங்களாலானது. தட்டு, கிண்ணம், தம்ளர் ஆகியவற்றின் விளிம்புகளை வைத்தே முகத்தை வரைந்துவிடலாம். நீலத் தலை, வெண்ணிற முகம், சிவப்பு மூக்கு, பக்கத்துக்கு மூன்று மீசை மயிர், கழுத்தில் சிவப்புப் பட்டை, அதில் மஞ்சள் மணி. இவை இருந்தால் போதும். மணிக்குச் சிறிய லட்டு ஒன்று பொருத்தமாக அமையும்.

வட்டங்களில் அடங்காத உருவங்களுக்குக் கோலம் கைகொடுக்கும். படத்தின்மீது சம இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள். கேக்கின் அளவுள்ள தாளில் அதே எண்ணிக்கையில், ஆனால் பெரிய இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள். எந்தப் புள்ளிக்கருகே கோடு வளைகிறதோ அங்கேயே வளைத்தால் படம் சிதையாமல் பெரிதாகும். வாசலில் நாள்தோறும் கோலமிடும் கைக்கு இது புதிய கலையன்று.

வெயிலை முன்கூட்டியே எண்ணுங்கள்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்றினால் கோடையில் இப்பகுதியின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொட்டுவிடுவதுண்டு. வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 பாகையிலேயே உருகிவிடும். விப்பிங் கிரீம் அதற்கும் முன்பே தளர்ந்துவிடும். என் முதல் தோல்விக்குக் காரணம் கைத்திறக் குறைவன்று. பொருளும் நேரமும் தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதே.

கேக்கை முந்தைய நாளே சுட்டு ஆறவிடுங்கள். ஒருநாள் ஆறிய கேக் உதிராது. அலங்கார வேலையை விடியற்காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். கேக்கைச் சுற்றிப் பூசுவதற்குச் சாக்லேட் கனாஷ் வெயிலை ஓரளவு தாங்கும். டார்க் சாக்லேட் இரு பங்கு, கிரீம் ஒரு பங்கு என்று எடையில் எடுத்து, கிரீமைச் சூடாக்கிச் சாக்லேட்டின்மீது ஊற்றி, சற்றுப் பொறுத்துக் கலக்கினால் போதும். கடைகளில் கிடைக்கும் 25 விழுக்காடு கொழுப்புள்ள கிரீம் நுரைக்காது. எனினும் கனாஷுக்கு அதுவே போதுமானது.

ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவைக் கொண்டும் உருவம் செய்யலாம். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் அதனைத் தவிர்ப்பதே நன்று.

உறையவைத்து ஏற்றும் முறை

கேக்கின்மீது நேரடியாக வரைந்தால் பிழையை அழிக்க வழியில்லை. தாளில் வரைந்து, உறையவைத்து, பின்னர் கேக்கின்மீது கவிழ்க்கும் முறை புதியவர்களுக்கு அச்சத்தைப் போக்குகிறது. படம் சரியாக அமையவில்லையெனில் கேக்குக்கு எந்தச் சேதமும் இன்றி மீண்டும் தொடங்கலாம்.

20 சென்டிமீட்டர் வட்டக் கேக்குக்கு உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், ஐசிங் சர்க்கரை 500 கிராம், பால் இரு மேசைக்கரண்டி. வெண்ணெயை வெளிறும்வரை தனியாக அடித்துவிட்டுச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடியுங்கள். ஒரு சிறு பகுதியில் கொக்கோத் தூள் கலந்து, அதன்மேல் கறுப்பு நிறம் சேருங்கள். வெள்ளைக் கிரீமை நேரடியாகக் கறுப்பாக்க நிறம் மிகுதியாகத் தேவைப்படும். பட்டர் பேப்பரை மருதாணிக் கூம்புபோல் சுருட்டி நிறங்களை அதனுள் நிரப்புங்கள்.

வரைந்த தாளைத் தட்டையான தட்டில் வைத்து, அதன்மீது பட்டர் பேப்பரை விரித்து ஒட்டுங்கள். இங்கே ஒன்றை மறவாதீர்கள்: முதலில் இடும் நிறமே கடைசியில் மேலே தெரியும். ஆகவே கறுப்புக் கோடுகளும் கண்மணிகளும் முதலில். அவை உறையப் பதினைந்து நிமிடம். அடுத்து மூக்கின் சிவப்பு, கண்களின் வெண்மை. பின்னர் முகத்தின் வெண்மை. இறுதியில் தலையின் நீலம். இடைவெளி இல்லாதபடி நிரப்பி, முதுகுப்புறத்தைக் கரண்டியால் சமப்படுத்தி, குறைந்தது இரண்டு மணிநேரம் உறைவிப்பானில் வையுங்கள். கல்போல் இறுகியபின் கேக்கின்மீது கவிழ்த்துத் தாளை ஒரே மூச்சில் உரித்தெடுங்கள். படம் இடவலமாக மாறும் என்பதால், ஒருபுறம் திரும்பி நிற்கும் உருவங்களுக்குத் தாளைப் புரட்டி வைத்தே வரைய வேண்டும். டோரேமானின் முகம் இருபுறமும் ஒத்திருப்பதால் அந்தக் கவலை இல்லை.

நீலம் பச்சையாவது ஏன்?

நீல நிறம் கலந்த கிரீம் பச்சையாக மாறியதைக் கண்டு மனம் தளர்ந்தவர்கள் உண்டு. குற்றம் நிறத்தினுடையதன்று. பசுவின் பாலிலுள்ள கரோட்டின் வெண்ணெய்க்கு மஞ்சள் சாயலைத் தருகிறது. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. எருமையின் உடல் கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுவதால் எருமை வெண்ணெய் வெள்ளையாக இருக்கும். எனவே நீல உருவங்களுக்கு எருமை வெண்ணெயே சிறந்தது. வீட்டில் கடைந்த வெண்ணெயாயின் அதிலுள்ள நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். நிறத்தை முந்தைய நாளே கலந்துவைத்தால் சில மணிநேரத்தில் தானே ஆழமாகும். அதிகம் சேர்க்க நேராது.

இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு மட்டுமே. உறையில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் இல்லாத பொடிகளை வாங்காதீர்கள். துணிச் சாயமான ரோடமின்-பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்ததை நாம் அறிவோம். உருவத்தைத் தாங்கப் பல்குத்தும் குச்சிகளைச் செருகினால் எத்தனை என்று எண்ணிவைத்து, வெட்டுமுன் அத்தனையையும் எடுத்துவிடுங்கள்.

பெயர் எந்த எழுத்தில்?

எருத்தேன்பதியில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. ஆயினும் கடைக் கேக்குகளில் பிள்ளைகளின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. வீட்டில் செய்யும் கேக்கில் எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். இரண்டாம் ஆண்டு நான் அவள் பெயரைத் தமிழில் எழுதினேன். அவ்வாண்டுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த சிறுமி, விரலைக் கேக்கில் படாமல் காற்றில் நகர்த்தி, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை வாசித்துக் காட்டினாள். டோரேமானைவிட அதுவே அவளுக்குப் பெரிய வியப்பாயிற்று. பெயரை உறையவைத்து ஏற்ற வேண்டாம், எழுத்து தலைகீழாகிவிடும். படம் அமர்ந்தபின் கேக்கின்மீது நேரடியாக எழுதுங்கள்.

விற்பனையாக மாறும்போது

ஒரு கேக் நன்றாக அமைந்தால் அண்டை வீட்டார் கேட்பர். வருவாய்க்கான வழி அங்கே திறக்கலாம். சில கடமைகளும் உடன் வருகின்றன. விற்பனைக்காக உணவு தயாரிப்போர் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2011ஆம் ஆண்டின் விதிமுறைகள் ஆண்டு விற்பனை ரூ.12 லட்சத்துக்கு உட்பட்டோரைச் சிறு உற்பத்தியாளர் என வகுத்து, அவர்களுக்கு எளிய பதிவு முறையை வைத்தன. விண்ணப்பிக்குமுன் நடப்பிலுள்ள வரம்பையும் கட்டணத்தையும் ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உருவத்தின் உரிமை. நம் குழந்தைக்காக வீட்டில் டோரேமான் வரைவது வேறு. அதை விலைக்கு விற்பது வேறு. கேலிச்சித்திர உருவங்கள் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தாலும் வணிகக் குறிச் சட்டத்தாலும் காக்கப்படுகின்றன. விற்பனைக்கு யானை, மயில், டிராக்டர், தென்னை எனச் சொந்தக் கற்பனையில் உருவங்களை அமைப்பதே பாதுகாப்பானது. நாளடைவில் அதுவே உங்கள் தனி அடையாளமும் ஆகும்.

அடுப்பும் கலக்கும் பொறியும் வாங்க முதல் தேவைப்படுவோருக்கு, 2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் ரூ.50,000 வரை பிணையின்றிக் கடன் கிடைக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கின்றன. ஆயினும் கடன் பெறுமுன் பத்துக் கேக்குகளின் வரவையும் செலவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். முட்டை, வெண்ணெய், எரிவாயு, பெட்டி, நம் உழைப்பு நேரம் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறட்டும். கணக்கு மிச்சம் காட்டினால் கடன் துணையாகும், காட்டாவிடில் சுமையாகும்.

விற்பனையில் நாட்டமில்லாதோருக்கும் ஒரு சொல். வீட்டில் செய்ததால் மிஞ்சிய தொகையைப் பிறந்தநாளன்றே குழந்தையின் பெயரில் சேமியுங்கள். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குத் தொடங்கப்படும் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு ரூ.250 செலுத்தினாலே கணக்கு உயிர்ப்புடன் இருக்கும்.

என் தமக்கை மகள் இப்போது ஏழாம் பிறந்தநாளை எதிர்நோக்குகிறாள். இம்முறை உருவத்தை அவளே வரைந்து அனுப்பியிருக்கிறாள். தோப்பில் திரியும் மயில் அது. தோகையில் பதினான்கு கண்கள். எண்ணிக்கை குறையக் கூடாது என்று தாளின் ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறாள், தமிழில்.