பச்சிளங் குழவியின் வலிப்பும் பின்வளர்ச்சியும்

சிசு உறக்கத்தில் முகஞ் சுளித்தால் ‘நரி வெருட்டுகிறது’ என்பர் நம்மவர். பிறந்து 28 நாள்களுள் தோன்றும் வலிப்பும் அவ்வாறே கவனியாது விடப்படுவதுண்டு. கண் நிலைகுத்துதல், வாய் சப்புதல், கால்கள் மிதிவண்டி மிதிப்பன போலசைதல் என்பனவே பல வேளைகளிற் குறிகள். கண்டவுடன் வைத்தியசாலையை நாடுக.

பின்வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பது வலிப்பின் காரணமே. இரத்தத்திற் கல்சியம் மட்டும் குறைந்ததாயின், அதனை நிரப்பியபின் பிள்ளை பெரும்பாலும் இயல்பாகவே வளரும். பிறக்குங்கால் மூளைக்குப் பிராணவாயு கடுமையாகத் தடைப்பட்டதாயின் நடை, பேச்சு, கல்வி பாதிக்கப்படலாம். காக்கைவலிப்பு ஆண்டுகள் கழித்துந் தோன்றலாம்.

ஆதலின், வலிப்பு நின்றுவிட்டதென்று நுரைச்சோலைப் பெற்றோர் புத்தளம் வைத்தியசாலைக்குச் செல்வதை நிறுத்தலாகாது. ஓராண்டு நிறையுமுன் ஒரு கையையே நீட்டும் பிள்ளையை ‘இடக்கையன்’ என மகிழ்தல் பிழை. மறுகை தளர்ந்திருத்தல் கூடும். வீட்டுக்கு வரும் மருத்துவமாதிடம் அன்றே அதனைக் கூறுக. பயிற்சியை முந்தித் தொடங்கின் அக்கை ஓரளவேனும் பழகலாம்.