குழம்பு

வடசென்னை எண்ணூரில், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் மடவை மீன் குழம்புக்குப் பதம் பார்க்கக் காதே போதும். புளிக்கரைசல் முதலில் தளதளவென்று கொதிக்கும். நீர் வற்ற வற்ற, 'தொப், தொப்' என்று சத்தம் கனக்கும். எண்ணெய் பிரிந்து சட்டி ஓரத்தில் மிதந்ததும் மீனைப் போட்டுச் சற்று நேரத்தில் இறக்கிவிடுவார்கள்.

நீர்மம் கெட்டியாவதைச் சொல்லும் தமிழ்ச் சொற்கள், அது எப்படிக் கெட்டியாயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். பால் சுண்டுகிறது: நீர் போய்விட்டது. நெய் உறைகிறது: சூடு தணிந்துவிட்டது. வெல்லம் பாகாகிறது, அந்தப் பாகுதான் பாடநூலில் 'பாகுத்தன்மை'யாகப் போய் உட்கார்ந்தது. அதற்கான ஆங்கிலச் சொல் 'விஸ்காசிட்டி', குருவி பிடிக்கும் பிசினைக் குறித்த லத்தீன் 'விஸ்கம்' வழியாக வந்தது.

குழம்பு வேறு வகை. வினையாகச் சொன்னால் கலப்பது, கலங்குவது. சேறும் குழம்பும், மனமும் குழம்பும். சந்தனக் குழம்பு, எரிமலைக் குழம்பு எல்லாம் இந்த வழியில் வந்தவை. கேரளத்து மருந்துக்கடையில் குழம்பு கேட்டால் உடம்பில் தேய்க்கும் தைலத்தை எடுத்துத் தருவார்கள். சோற்றில் ஊற்றிவிடக் கூடாது.

நெட்டுக்குப்பத்துப் பக்கம் கடலிலும் ஒரு குழம்பு உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. நெட்டுக்குப்பத்துப் படகும் வலையும் கறுத்தன.

நீரில் விழுந்த எண்ணெயில் இலேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சத்தை அலை மத்துபோலக் கடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் எண்ணெய்க்குள் புகுந்துகொள்கின்றன. கனத்த எண்ணெயில் உள்ள தார் போன்ற பொருள்கள் ஒவ்வொரு துளியையும் தோலாகப் போர்த்துவதால், துளிகள் ஒன்றுசேர்ந்து பிரிய வழியில்லை. சட்டியில் நீர் போனால் கெட்டி. கடலில் நீர் புகுந்தால் கெட்டி. அடுப்பில் எண்ணெய் பிரிந்தால் பதம். இங்கே பிரிய மறுக்கிறது. மேலைநாட்டு ஆய்வாளர்கள் இதற்குச் 'சாக்லேட் மூஸ்' என்று ஏதோ தின்பண்டம்போலப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் குழம்பே பொருத்தம் என்பேன்.

இப்படிக் குழம்பும் எண்ணெயின் அளவு மூன்று நான்கு மடங்காகப் பெருகலாம். உறிஞ்சும் குழாய்களும் திணறும். 2017இல் எர்ணாவூர்க் கரையில் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். கை கடுக்கத் தூக்கிய அந்த வாளிகளில் பெரும்பங்கு கடல்நீராகவே இருந்திருக்கும்.