மணி எங்கே போயிற்று?

வீட்டில் செல்லமாக வளர்ந்த நாய் இறந்து விடுகிறது. குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் அவசர அவசரமாகக் கொல்லையில் புதைத்தாகி விடுகிறது. "அம்மா, மணி எங்கே?" என்று குழந்தை கேட்கிறது. "ஊருக்குப் போயிருக்கிறதடா கண்ணு, வந்துவிடும்" என்கிறாள் தாயார்.

அன்பினால் பிறந்த பொய்தான். ஆனால் அதற்கு ஆயுள் மிகக் குறைவு. நாலு நாள் வாசற்படியில் காத்திருந்த பிறகு, அடுத்த வீட்டுப் பையன் உண்மையைப் போட்டு உடைத்து விடுகிறான். நாய் போனது ஒரு நஷ்டம். தாயாரின் வார்த்தையில் வைத்திருந்த நம்பிக்கை போனது அதைவிடப் பெரிய நஷ்டம்.

மரணத்தைக் குழந்தைகள் எவ்வாறு நினைக்கிறார்கள்? மரியா நாகி என்னும் பெண்மணி ஹங்கேரி தேசத்துப் புடாபெஸ்ட் நகரில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் இதை ஆராய்ந்து, 1948-ஆம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மரணம் என்பது ஒரு பிரயாணம் அல்லது ஓர் உறக்கம்; போனவர் திரும்பி வரலாம். அது மீளாதது, எல்லா உயிருக்கும் உரியது என்ற தெளிவு ஒன்பது வயதை ஒட்டியே வருவதாக அவர் கண்டார். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்ளேயே பலருக்கு அது புலப்பட்டு விடுகிறது என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

ஆகவே, "மணி தூங்குகிறது" என்று நாம் நயமாகச் சொன்னால், சிறு குழந்தை அதை அப்படியே எடுத்துக் கொள்ளும். பிறகு இரவில் தானே தூங்கப் பயப்படவும் கூடும். "மணி செத்துப் போய்விட்டது, அதன் உடம்பு இனி இயங்காது, அது திரும்பி வராது" என்று மடியில் உட்கார வைத்துச் சொல்லுவதே நல்லது.

அமெரிக்காவில் குழந்தைகளுக்காக டெலிவிஷன் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸ், 1970-இல் இதைச் செய்தே காட்டினார். தொட்டியில் இறந்து கிடந்த மீனை உப்பு நீரில் இட்டுப் பார்த்தார், பிழைக்கவில்லை. அதைத் தோட்டத்தில் புதைத்தார். சிறுவயதில் தம் நாய் மிட்ஸி இறந்தபோது தாம் அழுததையும் மறைக்காமல் சொன்னார். மறு வருஷம் ஜூடித் வியர்ஸ்ட் எழுதிய ஒரு குழந்தைக் கதையில், பூனையை இழந்த சிறுவனிடம், அதைப் பற்றிப் பத்து நல்ல விஷயங்களை நினைத்துச் சொல்லும்படி தாயார் கூறுகிறாள். துக்கத்துக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

நம் வீடுகளிலும் இதற்குச் செலவு ஒன்றுமில்லை. குழியின்மேல் ஒரு பூச்செடி வைக்கச் சொல்லலாம். "நான் பால் வைக்க மறந்ததால்தான் செத்ததோ?" என்று சில குழந்தைகள் உள்ளுக்குள் குமையும், வியாதியோ வயோதிகமோ, உண்மைக் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். கண்ணீரைத் தடுக்க அன்று மாலையே வேறொரு நாய்க்குட்டியைக் கொண்டு வர வேண்டாம். வாரக்கணக்கில் ஊணும் உறக்கமும் குன்றினால் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

தாத்தாவோ பாட்டியோ கண்மூடும் நாள் ஒன்று எந்தக் குடும்பத்துக்கும் வரும். அன்று உண்மையைத் தெரிந்துகொள்ளக் குழந்தை அடுத்த வீட்டுக்குப் போகுமா, நம்மிடம் வருமா என்பது, மணியைப் பற்றி நாம் இன்று சொல்லும் பதிலைப் பொறுத்தது.