உங்க காலுக்கு ‘யுகே 8’ ஏன் சேரல? ஷூ நம்பருக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்குகளில் காயைத் தரம் பிரிக்கும்போது நிறம், மணம் எல்லாம் பார்ப்பார்கள். ஆனால், சல்லடை சொல்வதற்கு மேல் பேச்சில்லை. 8 மி.மீ.க்கு மேல் நிற்பது ஒரு ரகம், 7-லிருந்து 8 வரை இன்னொரு ரகம், அதற்குக் கீழே வேறு. ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் விலையே மாறிவிடும். கண்ணளவு இங்கே செல்லாது.

அதே ஊரில் ஒருவர் போனில் ‘ஸ்கேட் ஸ்டைல்’ ஷூ ஒன்றை ஆர்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டையான ரப்பர் சோல், கேன்வாஸ் அல்லது சுவேட் மேல்பாகம், ஜீன்ஸுக்குப் பொருத்தமாக இருக்கும் அதே ரகம்தான். அளவு என்று கேட்கும் இடத்தில் ‘யுகே 8’ என்று தட்டுகிறார். அந்த எட்டை அளந்தது யார்? பெரும்பாலும் யாருமே இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசியாகப் போட்ட கறுப்பு ஷூவின் நம்பராக இருக்கும். இல்லையென்றால் வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பின் நம்பராக இருக்கும்.

பார்சல் வருகிறது. சுண்டுவிரல் பக்கம் இறுக்குகிறது. கடையில் வாங்கியிருந்தால் “போடப் போடச் சரியாயிரும் தம்பி” என்ற ஆறுதலாவது கிடைத்திருக்கும். ஆன்லைனில் அதுவும் கிடையாது. ரிட்டர்ன் போட்டுவிட்டு 9 வாங்கினால், இப்போது குதிகால் கழன்று கழன்று வருகிறது. கால் ஒன்றுதான், 8-ம் சேரவில்லை, 9-ம் சேரவில்லை. எங்கே கோளாறு?

வாற்கோதுமையில் பிறந்த நம்பர்

கோளாறு காலில் இல்லை. அந்த எட்டு என்ற எண், காலை அளந்து வந்ததே அல்ல.

பழைய தமிழ்க் கணக்கில் எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண். இங்கிலாந்துக்காரர்கள் நெல்லுக்குப் பதில் பார்லியை, அதாவது வாற்கோதுமையை வைத்தார்கள். மூன்று வாற்கோதுமை மணி ஓர் அங்குலம். நம் ஷூ பெட்டிகளில் இன்றும் இருக்கும் யுகே அளவு அந்த மணியில்தான் ஓடுகிறது. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடைவெளி ஒரு மணி, அதாவது சுமார் 8.5 மி.மீ. ஐரோப்பிய அளவான 41, 42 என்பதெல்லாம் வேறு கணக்கு. அதில் ஒரு சைஸுக்கு சுமார் 6.7 மி.மீ.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. யுகே எண் அளப்பது உங்கள் பாதத்தை அல்ல, ஷூ தைக்கப் பயன்படும் அச்சை. ஆம்பூர், ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் இதை ‘லாஸ்ட்’ என்பார்கள். கணக்குப்படி யுகே 8 என்றால் அச்சின் நீளம் 11 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 28 செ.மீ. அதற்குள் எவ்வளவு நீளக் கால் போக வேண்டும், விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி முடிவு செய்துகொள்கிறது.

விளைவு என்ன? நைக்கியின் அட்டவணையில் யுகே 8 என்பது யூஎஸ் 9, ஐரோப்பிய 42.5. அடிடாஸில் அதே யுகே 8, யூஎஸ் 8.5, ஐரோப்பிய 42. கான்வெர்ஸின் கேன்வாஸ் ஷூவில் யுகே 8-ம் யூஎஸ் 8-ம் ஒன்றேதான், ஐரோப்பிய எண் 41.5. வேன்ஸில் யுகே 8 என்றால் யூஎஸ் 9, ஐரோப்பிய 42. எல்லாமே ‘எட்டு’தான். பெண்களுக்கு இன்னொரு சுற்று வேறு: வேன்ஸ் ஷூவில் பெண்களுக்கான யூஎஸ் எண், ஆண்களுக்கான எண்ணைவிட ஒன்றரை கூடுதல். யூஎஸ் 7.5 என்று போட்ட பெண்கள் ஷூவும், யூஎஸ் 6 என்று போட்ட ஆண்கள் ஷூவும் ஒரே நீளம்.

ஆக, “நான் எல்லா பிராண்டுலயும் 8தான்” என்பது பழக்கமே தவிர அளவு அல்ல.

அகலத்துக்கு நீளத்தில் கொடுக்கும் விலை

நீளம் கூடப் பரவாயில்லை. நம் ஊர்க் கால்களுக்கு உண்மையான சிக்கல் அகலத்தில்தான் இருக்கிறது.

சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சிஎல்ஆர்ஐ), 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் வைத்து அளந்தது. 5 வயதுக் குழந்தைகள் முதல் 55 வயதுக்காரர்கள் வரை இதில் இருந்தார்கள். இந்தியர்களுக்கென்று சொந்தமாக ஒரு ஷூ அளவு முறை வேண்டும் என்பதுதான் நோக்கம். அதில் தெரியவந்த முக்கியமான விஷயம், இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்கள், அமெரிக்கர்களின் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது.

செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்து வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. வெறுங்காலில் நடந்து பழகிய இந்தியர்களையும், ஷூ போட்டு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஓர் ஆய்வும், வெறுங்கால்காரர்களின் பாதம் முன்பக்கம் விரிந்திருப்பதாகவே சொன்னது. விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப் ஏறி, ஏலத்தோட்டச் சரிவுகளில் நாள் முழுக்க நடக்கும் ஒருவரின் கால் ஒடுக்கமான அச்சுக்குள் அடங்க மறுப்பதில் வியப்பில்லை. அந்தக் குடும்பத்திலிருந்து படித்து ஐடி வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் அதே கால்தான்.

இங்கேதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு நடக்கிறது. ஷூ பக்கவாட்டில் இறுக்கினால் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம். அகலம் கொஞ்சம் கிடைக்கிறது, ஆனால் கூடவே 8 மி.மீ. நீளமும் வந்துவிடுகிறது. பிறகு லேஸை இழுத்துக் கட்டி அதைச் சமாளிக்கிறோம். குதிகால் தேய்ந்து கொப்புளம் வருகிறது. நடக்கும்போது பாதம் வளையும் இடமும் ஷூ வளையும் இடமும் வேறு வேறாகிவிடுகின்றன.

ஸ்கேட் ஷூவில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை?

இந்த ரக ஷூவின் கதை, வேன்ஸ் நிறுவனம் 1966 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் திறந்த கடையிலிருந்து தொடங்குகிறது. அதன் தடித்த, ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் சோல், எழுபதுகளில் ஸ்கேட்போர்டு விடும் பையன்களுக்குப் பிடித்துப்போனது. 1976-ல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா என்ற இரண்டு ஸ்கேட்டர்களின் யோசனையோடு கணுக்கால் ஓரத்தில் பஞ்சு வைத்த மாடல் வந்தது. அடுத்த வருஷம் வந்த ‘ஓல்ட் ஸ்கூல்’தான் இன்று தெருவுக்குத் தெரு அதன் நகல்களாக உலாவுகிறது.

பலகை காலோடு ஒட்டியிருப்பதுபோல உணர்வதற்காக இந்த ஷூ கொஞ்சம் கச்சிதமாகவே தைக்கப்படுகிறது. (மாமல்லபுரத்துச் சிறுமி கமலி ஷூவே இல்லாமல் வெறுங்காலோடு ஸ்கேட் செய்த படத்தை டோனி ஹாக் பகிர்ந்து, அது உலகம் சுற்றியது வேறு கதை.) சுற்றிலும் ரப்பர் பட்டையை ஒட்டி, உலையில் வேகவைத்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். அதனால் அடிப்பாகத்தின் அகலம் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. ஓட்டத்துக்கான ஷூவில் வருவதுபோல வலைத்துணி விரிந்து கொடுக்காது. சுவேட் பக்கவாட்டில் கொஞ்சம் இளகும், கேன்வாஸ் அதைவிடக் குறைவாக. நீளத்தில் இரண்டுமே ஒரு நூல்கூட நீளாது. கடைக்காரர் சொல்லும் ‘போடப் போடச் சரியாயிரும்’ பாதி உண்மை. அந்தப் பாதி அகலத்துக்கு மட்டும்தான்.

இன்னொரு சங்கதி: பல மாடல்களில் விரல் நுனிக்கு மேல் ரப்பர் மூக்கு இருக்கும். வழக்கமாகச் செய்வதுபோல மேலே கட்டைவிரலால் அமுக்கி, கால்விரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. லேஸைத் தளர்த்திவிட்டு, விரல் நுனி முன்னால் தொடும்வரை காலைத் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஆள்காட்டி விரல் ஒன்று நுழைந்தால் நீளம் சரி. நுழையவே இல்லையென்றால் சிறியது. இரண்டு விரல் போனால் பெரியது.

லேஸ் இல்லாத ‘ஸ்லிப்-ஆன்’ வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதில் பிற்பாடு இறுக்கிக்கொள்ள வழியே இல்லை. பாதத்தின் மேல்பக்கம் உயரமாக இருப்பவர்கள் லேஸ் வைத்ததையே எடுப்பது நல்லது.

‘பா’ வந்தால் என்ன மாறும்?

சிஎல்ஆர்ஐ பரிந்துரைத்த இந்திய அளவு முறையின் பெயர் ‘பா’. பாரத் என்ற சொல்லிலிருந்து எடுத்தது. வட்டாரத்துக்கு ஒன்றாக ஐந்து முறைகள் தேவைப்படலாம் என்றுதான் ஆய்வுக்கு முன் நினைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது நாடு முழுவதற்கும் ஒரே முறை போதும் என்று தெரிந்தது. கைக்குழந்தையிலிருந்து பெரியவர்கள் வரை வயதையும் பாலினத்தையும் வைத்து எட்டுப் பிரிவுகள். ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் 5 மி.மீ., சுற்றளவில் 4 மி.மீ. கூடும். வாற்கோதுமையின் 8.5 மி.மீ. தாவலைவிட இது நெருக்கமான சல்லடை. அரை சைஸ் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதை ஒட்டியும், ஆண்களுடையது 15, 16 வயதிலும் உச்சத்துக்குப் போகிறது என்பதும் இதே ஆய்வில் தெரிந்தது. ‘வளர்ற புள்ள’ என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

இந்த முறை 2025-ல் நடைமுறைக்கு வரும் என்று 2024-ல் எதிர்பார்ப்பு இருந்தது. கடைப் பெட்டிகளில் இன்னமும் யுகே எண்தான் ராஜா. தொழிற்சாலைகள் அச்சுகளை மாற்ற வேண்டும், அதற்குச் செலவாகும். அதுவரை நம் காலை நாம்தான் அளந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் அளப்பது எப்படி?

சாயங்காலம் அளங்கள். நாள் முழுக்க நின்று, நடந்து, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளை வைத்து, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் நீளமும் அகலமும் குறைவாகக் காட்டும். நீளமான விரல் எங்கே முடிகிறதோ அங்கே இன்னொருவரைக் கோடு போடச் சொல்லுங்கள். நாமே குனிந்தால் எடை மாறிவிடும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அதையும் பாருங்கள். பிறகு, பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தில் இரு பக்கமும் புள்ளி வைத்து அந்தத் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். ஒன்று பெரிதாக இருப்பது சகஜம், பெரிய கால்தான் கணக்கு.

கிடைத்த மில்லிமீட்டரை அந்தந்த பிராண்டின் அட்டவணையில் ‘செ.மீ.’ வரிசையோடு ஒப்பிடுங்கள். யுகே வரிசையை மறந்துவிடலாம். ஒரு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும்: சில அட்டவணைகள் பாதத்தின் நீளத்தைத் தருகின்றன, சில ஷூவின் உள்நீளத்தைத் தருகின்றன. உள்நீளம் என்றால் பாதத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும்.

அகலத்துக்கு அட்டவணை இருக்காது. ஷூ வந்ததும் உள்ளே போட்டிருக்கும் இன்சோலை எடுக்க முடிந்தால், அதைத் தரையில் வைத்து மேலே ஏறி நில்லுங்கள். பாதம் ஓரத்தில் வழிந்தால் அந்த மாடல் உங்களுக்கு ஒடுக்கம். ஒட்டிய இன்சோல் என்றால், போட்டுக்கொண்டு மேலிருந்து பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் துணி ரப்பர் பட்டையைத் தாண்டிப் பிதுங்குகிறதா? அப்போது சைஸைக் கூட்டாதீர்கள், மாடலை மாற்றுங்கள்.

இறக்கத்தில்தான் தெரியும்

சமதரையில் நாலு அடி நடந்து பார்த்தால் எந்த ஷூவும் நன்றாகத்தான் இருக்கும். மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். போடிமெட்டு மலைப்பாதை ஓரமாகக் கொஞ்ச தூரம் இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னால் சரியும். நீளம் போதாவிட்டால் விரல் நகம் இடிக்கும். நீளம் சரியாக இருந்தும் இடித்தால் லேஸ் தளர்ச்சி. வனத்துறை அனுமதியோடு குரங்கணிப் பக்கம் மலையேறத் திட்டமிடுபவர்கள் இந்த ஷூவை வீட்டிலேயே விட்டுவிடலாம். தட்டையான சோல் ஈரச் சரிவில் வழுக்கும், கேன்வாஸ் நனைந்தால் காய நாளாகும். அது காலேஜுக்கும் ஆபீஸுக்கும் போகிற ஷூ.

அப்பா, அம்மாவுக்கு ஆசையாக இதே மாதிரி ஒன்று வாங்கித் தர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரை, காலின் உணர்ச்சியை மழுங்கச் செய்யலாம். ஷூ கடித்துப் புண்ணானால்கூட அவர்களுக்குத் தெரியாமல் போகும். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலை வரைக்கும் போவதுண்டு. அதனால் “கடிக்குதாப்பா?” என்று கேட்டு, “இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு” என்று அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பத்து நிமிஷம் நடக்கவிட்டு, ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். கால் மரத்துப்போவதாக ஏற்கெனவே சொல்பவர் என்றால் ஸ்கேட் ஷூ வேண்டாம். டாக்டரிடம் கேட்டு, அகலமான, உள்ளே தையல் உறுத்தாத காலணி வாங்குங்கள்.

மற்றவர்கள், லேபிளைக் கிழிக்காமல் வீட்டுக்குள் பாய் விரித்து அதன்மேல் நடந்து பார்க்கலாம். சோலில் மண் படாதவரை ரிட்டர்ன் போடுவதில் தகராறு இருக்காது. இல்லையென்றால் மதுரைக்குப் போய்க் காலில் மாட்டிப் பார்த்தே வாங்கிவரலாம். 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2023 ஜூனிலிருந்து மறுபடியும் போடி வரைக்கும் வருகிறது. போகும்போது அந்த இரண்டு மில்லிமீட்டர் எண்களையும் போனில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். “என்ன சைஸ் தம்பி?” என்று கடைக்காரர் கேட்டால் காட்டுவதற்கு.