மின்சாரத்திற்கு வழி வகுத்தல்

மின்சாரம் எங்ஙனம் உண்டாகின்றது என்பதைப்பற்றிப் பள்ளிச் சிறுவரும் இரண்டொரு வாக்கியம் கூற வல்லர். நீர் வீழ்ந்து சக்கரத்தைச் சுழற்றுகின்றது. நிலக்கரியால் எழும் நீராவி சுழற்றுகின்றது. இக்காலத்திற் காற்றும் சுழற்றுகின்றது. ஆயின் அங்ஙனம் பிறந்த மின்சாரம் மலையடிவாரத்தினின்று நம் வீட்டு விளக்கிற்கு வந்து சேரும் வழியை யார், எப்பொழுது, எக்கணக்கைக் கொண்டு வகுத்தனர் என்று வினவுவார் மிகச் சிலர். வழி செவ்வனே அமைந்துவிடின் அதனை ஒருவரும் நினைப்பதில்லை. அமையாதவிடத்து ஊர் முழுவதும் இருளில் அமர்ந்து மின்சார இலாகாவை நொந்துகொள்ளும். ஒரு நாட்டுப் பகுதியின் மின்வழிகளைப் பெருக்குமுன் நிகழும் ஆலோசனை எத்தகையது என்பதை, நம் தமிழ்நாட்டு வரலாற்றையே சான்றாகக் கொண்டு ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு சிறு கணக்கு. கம்பியிற் செல்லும் மின்சாரத்தின் ஆற்றல், அதன் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வரும் தொகையாகும். கம்பியில் வெப்பமாக வீணாவதோ ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் அழுத்தத்தை இரட்டித்தால், அதே ஆற்றலைச் செலுத்துவதற்குப் பாதி ஓட்டமே போதும். வீணாவது நாலில் ஒரு பங்காகக் குறையும். தொலைவு மிகுந்தவிடத்து 110, 230, 400 கிலோவோல்ட் என்று அழுத்தத்தை உயர்த்திக்கொண்டு போவதன் காரணம் இதுவே. ஆயின் அழுத்தம் உயர உயரக் கோபுரமும் உயரவேண்டும். கம்பியைத் தாங்கும் பீங்கான் சரமும் நீளவேண்டும். மின்மாற்றியின் விலையும் ஏறும். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தொலைவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற மூன்றையும் அறிந்தாலன்றி எந்த அழுத்தம் தக்கது என்று துணிதல் இயலாது. இவற்றுள் முதலதும் மூன்றாவதும் வருங்காலத்தைச் சார்ந்தவை. இடர் அனைத்தும் அங்கேதான் பிறக்கின்றது.

சென்னை இராஜதானியில் நீலகிரியின் பைகாரா மின்நிலையம் 1932-ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிற்று. மலைமேலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி வீழும் நீரைக்கொண்டு சிங்காராவில் உண்டாக்கிய மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. அது வந்தபின் அந்நகரைச் சுற்றிலும் நூற்பாலைகள் பெருகியதை யாவரும் அறிவர். இங்கே ஒன்று குறிப்பிடத் தக்கது. ஆலைகள் இருந்தமையால் மட்டும் கம்பி இழுக்கப்படவில்லை. கம்பி வந்தமையாலேயே பல ஆலைகள் எழுந்தன. இன்றைய தேவையை எண்ணி வழி வகுப்பவன், அவ்வழியே தோற்றுவிக்கப்போகும் தேவையையும் எண்ணவேண்டியவனாகின்றான்.

1937-இல் மேட்டூர் மின்நிலையம் எழுந்தது. இவ்விரண்டையும் கம்பியால் இணைத்ததில் உள்ள நுட்பம் நம் நெஞ்சை மிகவும் கவர்வது. மேட்டூரணை காவிரிப் பாசனத்திற்காகக் கட்டப்பட்டது. வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் திறந்து ஜனவரி 28-ஆம் நாள் அடைக்கப்படுவது. நீர் போகும்போது மின்சாரம் உண்டு. அடைத்த பின்னர் மிகச் சிறிதே உண்டு. உழவன் வேண்டும்போது நீர் செல்லுமேயன்றி, ஆலைக்காரன் வேண்டும்போது செல்லாது. பைகாராவின் நிலை வேறு. மலைமேல் நீரைத் தேக்கி வைத்து வேண்டும்போது இறக்கலாம். 1938-இல் முடிவுற்ற முக்குருத்தி அணை அதற்கென்றே கட்டப்பட்டது. ஆகவே காவிரியில் நீர் ஓடுங்காலத்து மேட்டூர் பெருஞ்சுமையைத் தாங்க, பைகாரா தன் நீரைச் சேமித்துக்கொள்ளும். கோடையில் மேட்டூர் ஓய, பைகாரா அச்சேமிப்பைச் செலவிடும். இரு நிலையங்களும் தனித்து நின்றால் தரக்கூடியதைவிட, இணைந்து நின்று உறுதியாகத் தரக்கூடியது மிகுதி. அம்மிகுதி அணையினின்று வந்ததன்று, உருளையினின்று வந்ததுமன்று. இடையில் இழுத்த கம்பியினின்று வந்தது. 1944-இல் தாமிரவருணியின் பாபநாசம் நிலையமும் தோன்றித் தென்கோடிக்கு வலிமை சேர்த்தது.

ஆயினும் மின்கம்பியை வாய்க்காலுக்கு ஒப்பிடுவது ஓரளவிற்கே பொருந்தும். வாய்க்காலில் மதகைத் திறந்தும் அடைத்தும் நீரை வேண்டிய வயலுக்கு ஏவலாம். வலைபோற் பின்னிய மாறுமின்னோட்டக் கம்பிகளில் அவ்வாறு ஏவுதல் எளிதன்று. ஓரிடத்தில் இட்ட மின்சாரம், இருக்கின்ற எல்லா வழிகளிலும், ஒவ்வொன்றின் தடைக்கேற்பத் தானே பிரிந்து செல்லும். எனவே ஒரு புதிய கம்பியை இணைத்தால், சுமை குறையும் என்று எண்ணிய பழைய கம்பியிலே சுமை கூடுதலும் உண்டு. இதனை முன்கூட்டி அறிய, தொகுப்பு முழுவதையும் கணிப்பொறியில் வைத்து, கோடைப் பிற்பகல், மழைக்கால நள்ளிரவு, காற்று மிகுந்த ஆடி மாதம் என ஒவ்வொரு நிலைக்கும் கணக்கிடுகின்றனர். அதன்மேலும் ஒரு சோதனை உண்டு. எந்த ஒரு கம்பியோ மின்மாற்றியோ எதிர்பாராது அறுந்து வீழ்ந்தாலும், எஞ்சியவை ஒருவருக்கும் விளக்கணையாமல் சுமையை ஏற்றல் வேண்டும். இவ்விதியின் காரணமாகவே பல கம்பிகள் பெரும்பாலான நாட்களில் அரைச்சுமையோடு செல்கின்றன. இதனைக் கண்டு, பணத்தை வீணாக்கினர் என்று கூறுவாரும் உளர். மாற்றுச் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு செல்லும் வண்டிக்காரனை அவர்கள் ஏனோ கடிந்துகொள்வதில்லை.

இனிக் காற்றின் கதைக்கு வருவோம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று மிக வன்மையுடையது. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கிய காற்றாலைத் தொழில், தனியார் கைப்பட்டபின் விரைந்து வளர்ந்து, இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கின்றது. காற்றாலையொன்றைச் சில மாதங்களில் நிறுத்திவிடலாம். 400 கிலோவோல்ட் வழியொன்றை அளந்து, இசைவு பெற்று, கோபுரம் நாட்டி முடிக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் செல்லும். குழந்தை நடக்கத் தொடங்கியபின் தொட்டில் செய்வதுபோல, காற்றாலைகள் எழுந்தபின் வழி தேடியதன் பயன் என்னவெனில், காற்று வீசிக்கொண்டிருக்கையிலேயே உருளைகளை நிறுத்திவைக்கும்படி நேர்ந்தது. எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழாண்டுத் தானியத்தைக் களஞ்சியத்திற் சேர்த்துவைத்தான். மின்சாரத்திற்கோ அத்தகைய பெருங்களஞ்சியம் இல்லை. ஆனைமலையிற் கடம்பாறையில் நீரை மேலேற்றி வைத்துப் பின்னர் இறக்கும் 400 மெகாவாட் நிலையம் உண்டு. மின்கல அடுக்குகளும் இப்பொழுது வருகின்றன. எனினும் வீசுகின்ற காற்றின் அளவிற்கு இவை சிறியன.

அங்ஙனமாயின் வீசும் காற்றனைத்தையும் ஏந்தத்தக்க வழிகளை அமைத்துவிடலாமே எனின், அதுவும் விவேகமன்று. காற்று தன் முழு வலிமையோடு எல்லாக் கணவாய்களிலும் ஒருங்கே வீசும் நேரம் ஆண்டில் மிகச் சிலவே. அவற்றிற்காக அமைத்த வழி மற்றைக் காலங்களில் வெறுமையாய்க் கிடக்கும். அதன் வட்டியை மின்கட்டணத்தில் நாமே செலுத்துவோம். ஆகவே சிறிது காற்றை இழக்கத் துணிந்து அளவோடு அமைப்பதே முறையென்பது எமது கருத்து. நம் நாட்டில் நேர்ந்த இழப்பு அங்ஙனம் கணக்கிட்டுத் துணிந்த இழப்பன்று, வழியின்மையால் வந்தது. பின்னர்க் கயத்தாறு, தேனி மாவட்டத்துத் தப்பகுண்டு, ஆனைக்கடவு, இராசிபாளையம் முதலிய இடங்களில் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் அமைந்து அக்குறையைப் பெருமளவு தணித்தன.

இதற்கிடையே 2012-ஆம் ஆண்டை நம் மாணவருட் பலர் இளம்பருவ நினைவாகக் கொண்டிருத்தல் கூடும். அவ்வாண்டு ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வடநாட்டு மின்தொகுப்பு வீழ்ந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் உடன் வீழ்ந்தன. தென்னாடு தப்பிற்று. வட தொகுப்போடு நாம் ஒரே தாளத்தில் இணையாமல், நேர்மின்னோட்ட வழிகளால் மட்டும் தொடர்புற்றிருந்தமையே காரணம். மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறுவது. அம்முறையில் இணைந்தவை யாவும் ஒரே அடியில் நடத்தல் வேண்டும். ஒன்று தடுமாறின் பிறவும் தடுமாறும். நேர்மின்னோட்டத்திற்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கர்நாடகத்துக் கோலாருக்கு 2003-இல் அமைந்த 500 கிலோவோல்ட் வழி அத்தகையது. ஆனால் தனித்து நின்றமையால் தப்பிய நாமே, அதே ஆண்டில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டால் வருந்தினோம். வேறிடத்தில் மின்சாரம் விலைக்கு இருந்தபோதும், அதனைக் கொணரும் வழி நெருக்கடியாய் இருந்தது. விசைத்தறிகள் நின்றன; மாணவர் மெழுகுவத்தியின் முன்னிருந்து தேர்விற்குப் படித்தனர். 2013 டிசம்பர் 31-ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழியால் தென்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைந்தது. உதவியும் அபாயமும் ஒரே கம்பியில் வருவன. தக்க காப்புக் கருவிகள் இருப்பின் உதவியே மிகுதியென்று அன்று துணிந்தனர். அத்துணிவு சரியென்றே நாமும் கொள்கின்றோம்.

வருங்காலத்தைக் கணிப்பதில் உள்ள அருமைக்கு மற்றொரு சான்று, சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் வழியாகும். 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம். 6,000 மெகாவாட் திறன். நீளம் 1,700 கிலோமீட்டருக்கு மேல். நிலக்கரி நாட்டு மின்சாரத்தை இங்குக் கொணர்வதற்கென்று அதனை வகுத்தனர். 2021-இல் அது நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டபோது, தென்னாட்டிலேயே சூரியனாலும் காற்றாலும் பிறக்கும் மின்சாரம் பெருகிவிட்டது. நல்வாய்ப்பாக அவ்வழி இருபுறமும் செலுத்தத் தக்கதாய் அமைந்துள்ளமையால், நம் மிகுதியை வடக்கே அனுப்பவும் உதவும். எதிர்காலத்தை அறியாதவன் செய்யத்தக்க நற்செயல் அவ்விருபுற அமைப்பே.

இதுகாறும் கூறியவை எஞ்சினீயரின் மேசைமேல் நிகழ்வன. வரைபடத்தில் அவர் இழுக்கும் கோடு உண்மையில் ஒருவனுடைய தோட்டத்தின் மீது செல்கின்றது. கோபுரம் நிற்கும் நிலம் உடையவனிடமே இருக்கும், விலைக்கு வாங்கப்படுவதில்லை. ஆயின் கம்பியின் கீழ் வீடு கட்டலாகாது, தென்னை வளர்த்தலாகாது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்திக் கம்பிக்கென அளித்த அதிகாரம், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் வழியே இப்பெருங் கோபுரங்களுக்கும் நீட்டப்பட்டது. தந்திக் கம்பத்தையும் 400 கிலோவோல்ட் கோபுரத்தையும் ஒரே சட்டத்தால் அளத்தல் பொருந்துமோ என்று கொங்கு நாட்டு உழவர் கேட்டனர். 2018-இல் அவர்கள் நடத்திய போராட்டத்தின் உட்பொருள் அதுவே.

இங்கும் கணக்கு ஒருவகையில் துணை செய்யும். 220 கிலோவோல்ட் வழிக்கு 35 மீட்டர் அகலம் வேண்டும். அது இயல்பாகத் தாங்குவது ஏறத்தாழ 130 மெகாவாட். 400 கிலோவோல்ட்டிற்கு 46 மீட்டர். தாங்குவதோ 500 மெகாவாட்டை ஒட்டியது. எனவே முன்னரே எண்ணிப் பெரிய வழியொன்றை அமைப்பது, பின்னர் நான்கு சிறிய வழிகளை அடுத்தடுத்து இழுப்பதைவிட நிலத்தை மிகவும் காக்கும். ஆயின் அவ்வொன்று எவன் நிலத்தின்மீது செல்கின்றதோ அவனுக்கு இது ஆறுதலாகாது. 2015-இல் மத்திய அரசு வகுத்த நெறி, கோபுரத்தின் அடிநிலத்திற்கு நிலமதிப்பில் நூற்றுக்கு 85 பங்கும், கம்பியின் கீழ் நிலத்திற்கு 15 பங்கு வரையும் ஈடு தரச் சொன்னது. 2024-இல் அவை முறையே 200, 30 என உயர்ந்தன.

நிலத்தடியிற் புதைத்தால் என்னவென்று உழவர் கேட்பது அறியாமையால் எழுந்த கேள்வியன்று. புதைகம்பி பன்மடங்கு விலையுடையது. அன்றியும் மாறுமின்னோட்டம் நெடுந்தொலைவு புதைந்து செல்லுமாயின், கம்பியின் உறையை மின்னேற்றுவதிலேயே அதன் திறன் செலவாகிவிடும். நேர்மின்னோட்டத்திற்கு இத்தடை இல்லை. புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் நேர்மின்வழி, தமிழ்நாட்டிற் கோபுரங்களின்மேல் வந்து, பாலக்காடு மாவட்டத்து வடக்கஞ்சேரியிலிருந்து திருச்சூர் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நிலத்தடியிற் செல்கின்றது. எல்லாவிடத்தும் அவ்வாறு செய்யப் பொருள் போதாது. ஆயினும் எவ்விடத்திற் செய்வது, எவ்விடத்தில் விடுவது என்பதை அளவுக்கல் நாட்டுமுன்னரே அவ்வூராரை அழைத்து, வரைபடத்தை விரித்துக் காட்டிப் பேசுதல் கூடும். கணக்குகள் மூன்றாண்டிற்கு முன்னரே ஆயத்தமாயிருக்க, உழவன் மட்டும் தன் தோட்டத்தில் அளவுச் சங்கிலி வீழ்ந்தபின் அறிவது முறையன்று.