மஞ்சப்பைக்கும் ஒரு கணக்கு உண்டு

தளிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் ராகி, அவரை, தக்காளி, கீரை போடுகிறேன். நாலு குடும்பம் சேர்ந்து வாரம் ஒரு நாள் ஓசூரில் ஐம்பது வீடுகளுக்குக் காய் கொண்டுபோகிறோம். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் ஒரு அக்கா கதவைத் திறந்ததும் பெரிய மூட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"அண்ணா, இதெல்லாம் நீங்க குடுத்த துணிப்பைதான். இருபத்திரெண்டு இருக்கு. வச்சிக்க இடமில்ல, தூக்கிப்போடவும் மனசு வரல."

பிளாஸ்டிக்கை விட்டோம், துணிக்கு வந்தோம், கடமை முடிந்தது என்று நினைத்திருந்தவனுக்கு அந்த மூட்டை கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

நாங்கள் பிளாஸ்டிக்கை விட்டதற்குக் காரணம் ஒரு பசு. தீனி எடுக்காமல், அசை போடாமல், வயிறு உப்பி நின்றது. கால்நடை மருத்துவர் விலாப் பக்கம் கீறி, முதல் இரைப்பையில் இருந்து பாலித்தீனை அள்ளி அள்ளிப் போட்டார். கயிறும் பையும் முறுக்கிக்கொண்டு தலையணை அளவு இருந்தது. மிச்சச் சோற்றையும் காய்த் தோலையும் பையில் முடிச்சுப் போட்டுத் தெருவில் வீசுகிறோம். வாசனைக்கு வரும் மாடு பையோடு விழுங்குகிறது. அது செரிக்காது, வெளியிலும் போகாது. எங்கள் பசு பிழைக்கவில்லை. அந்தப் பைகளில் நானே சந்தையில் காய் போட்டுக் கொடுத்ததும் ஒன்று இருந்திருக்கலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 2016 மார்ச்சிலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. தமிழ்நாடு 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது.

தடை வந்ததும் நாங்கள் முதலில் போனது காகிதப் பைக்கு. அதிகாலையில் பறித்த கீரை, பனி ஈரத்தோடு பைக்குள் போகும். ஓசூர் போய்ச் சேருவதற்குள் அடி கிழிந்துவிடும். அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டோம். செலவும் இரண்டு மடங்கு, காகிதமும் இரண்டு மடங்கு.

காகிதம் மண்ணில் மட்கும் என்பது உண்மை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். கரூர் மாவட்டம் புகழூர் ஆலையில் கரும்புச் சக்கையில் இருந்தும் காகிதம் செய்கிறார்கள். ஆனாலும் காகிதக் கூழுக்காகத் தைல மரமும் சவுக்கும் ஏராளமாக வளர்க்கப்படுகின்றன. தைல மரத்தோப்பு பக்கத்தில் இருந்தால் கிணறு என்ன ஆகும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். கூழ் காய்ச்ச, வெளுக்க, காயவைக்கத் தண்ணீர் வேண்டும், ரசாயனம் வேண்டும், எரிபொருள் வேண்டும்.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதில் எடுத்துக்கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் பையின் எடை சுமார் 8 கிராம், காகிதப் பையின் எடை சுமார் 55 கிராம். புவி வெப்பமாதல் என்ற ஒரு கணக்கில் மட்டும் பார்த்தால், ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகக் காகிதப் பையை 3 தடவையும், பருத்திப் பையை 131 தடவையும் பயன்படுத்த வேண்டும் என்றது.

டென்மார்க் அரசின் 2018 ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இயற்கைப் பருத்திப் பையைப் புவி வெப்பமாதல் கணக்கில் 149 தடவையும், எல்லா வகைக் கேடுகளையும் சேர்த்தால் 20,000 தடவையும் பயன்படுத்த வேண்டுமாம்! வாரம் ஒரு தடவை என்றால் 384 வருசம்.

இயற்கை விவசாயியான எனக்கு இதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. பிறகு நிதானமாகப் பார்த்தேன். இயற்கைப் பருத்தியில் மகசூல் குறைவு, அதனால் ஒரு பைக்கு நிலமும் தண்ணீரும் அதிகம் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. 20,000 என்பது ஓசோன் படலம் என்ற ஒரே ஓர் அளவுகோலால் வந்த எண். முக்கியமாக, அங்கே குப்பை முழுவதும் சேகரிக்கப்பட்டு உலைக்குப் போகிறது. பை தெருவில் கிடக்கும், சாக்கடையை அடைக்கும், மாட்டின் வயிற்றுக்குள் போகும் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. எங்கள் பசு அந்தக் கணக்கில் இல்லை.

ஆனாலும் அந்த ஆய்வு சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை நாம் மறைக்கக்கூடாது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு, மழைநீரும் சேர்த்து, உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் ஆகிறது. 100 கிராம் பை ஒன்றுக்கு 1,000 லிட்டர். அந்த அக்கா வீட்டு மூட்டையில் இருந்தது 22,000 லிட்டர்! ஒவ்வொரு பையும் ஒரே ஒரு தடவை காய் சுமந்தது.

அன்றைக்கு நாலு குடும்பமும் உட்கார்ந்து பேசினோம். முதலில், பையைத் திரும்ப வாங்கி அடுத்த வாரம் கொடுக்கலாம் என்றோம். என் மனைவி உடனே கேட்டாள்: "ஒரு பை அவங்க வீட்டுல, ஒரு பை நம்ம வீட்டுல. அப்ப வருசத்துக்கு இருபத்தாறு தடவதான போகும்? நூத்தி முப்பத்தொண்ணு எப்ப ஆவுறது?" ஐந்து வருசம்! அதனால் முறையையே மாற்றினோம்.

இப்போது பை கட்டிக்கொண்டு போவதில்லை. பழைய கிரேட்டுகளில் காயை அப்படியே கொண்டுபோய், வாசலில் தராசு வைத்து, அவரவர் பையில் போடுகிறோம். கீரைக் கட்டுக்கு வாழை நார். ஒவ்வொரு தடவையும் பையின் உள்பக்கம் பேனாவால் ஒரு கோடு. மறந்து வருபவர்களுக்கு அந்த இருபத்திரெண்டில் ஒன்றைக் கொடுத்து, பேர் எழுதிக்கொள்கிறோம். புதுப் பை வேண்டுமென்றால் பழைய வேட்டி, புடவையில்தான் தைக்கிறோம். அதற்குப் புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதில்லை.

அனுபவத்தில் தெரிந்த சில விஷயங்களையும் சொல்கிறேன். துணி மாதிரியே இருக்கும் 'நான்-ஓவன்' பை துணி அல்ல, பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டின் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. ஓரத்தைக் கொளுத்திப் பாருங்கள், உருகி உருண்டையானால் பிளாஸ்டிக், சாம்பலானால் பருத்தி. செய்தித்தாளில் உணவுப் பொருள் கட்ட வேண்டாம், மை உணவில் இறங்கும். மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசாத பழுப்புக் காகிதப் பை கிழிந்தால் குப்பைமேட்டுக்கு அனுப்பாதீர்கள். அங்கே காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் கிளம்பும். நனைத்து மண்புழுத் தொட்டியில் சாணத்தோடு சேர்த்தால் நல்ல உரம்.

இன்னொன்றையும் மனசாட்சியோடு சொல்ல வேண்டும். பையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நம் வயலில் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது? மல்ச்சிங் ஷீட், பசுமைக்குடில் மேல் போடும் ஷீட், நாற்றுத் தட்டு, சொட்டுநீர்க் குழாய். தளி வட்டாரத்தில் ரோஜாவும் ஜெர்பராவும் குடிலுக்குள்தான் பூக்கின்றன. கிழிந்த ஷீட்டை வரப்போரம் கொளுத்துகிற நாம், கடைக்காரரின் கேரி பையை மட்டும் குறை சொல்வது நியாயமா? நான் மூடாக்குக்கு ராகித் தாளுக்கும் அவரைக் கொடிக்கும் மாறிவிட்டேன். சொட்டுநீர்க் குழாயை இன்னும் விட முடியவில்லை.

ஆக, பிளாஸ்டிக்கா, காகிதமா, துணியா என்று கேட்பதைவிட, கையில் இருப்பதை எத்தனை தடவை எடுத்துப் போனோம் என்று கேட்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நீங்களும் உங்கள் வீட்டுப் பையில் கோடு போட்டுப் பாருங்கள்.

போன வாரம் அந்த அக்கா பையின் கோடுகளை எண்ணினேன். 87 இருந்தது. இன்னும் 44 பாக்கி.